ஒரே வாரத்தில் மூன்று வைத்தியம்

எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவோம். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அன்று ஒவ்வொரு பெஞ்சாக எழுந்து பீடத்துக்குப் போய், முழங்காலிட்டு, அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். யாரோடாவது மனத்தாங்கல் இருக்கிறவர்கள் எழுந்து போவதில்லை. முதலில் சமாதானம், பிறகுதான் விருந்து. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் யாரும் மீறுவதில்லை. அதனால் ஒரு பெஞ்சு காலியாகும்போது அதில் ஒரே ஒரு தலை மட்டும் மிஞ்சியிருந்தால், அந்தத் தலைக்கு யாரோடு சண்டை என்று கோயில் முழுக்க யோசிக்க ஆரம்பித்துவிடும்.

அந்த ஞாயிறு ஆண்கள் பக்கத்தில் மிஞ்சியிருந்த தலை என் கணவருடையது.

எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. எங்கள் பெஞ்சின் முறை வந்ததும் பழக்கத்தில் நானும் பாதி எழுந்துவிட்டேன். அதற்குள் அவரைப் பார்த்தேன். உட்கார்ந்தேன். முழுக்க எழுந்து போயிருந்தால் எனக்கும் சண்டைக்கும் சம்பந்தமில்லை என்று ஆகியிருக்கும். எழாமலே இருந்திருந்தால் தலைவலி என்று நினைத்திருப்பார்கள். பாதி எழுந்து உட்கார்ந்ததில் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். அவர்கள் குரலைத் தாழ்த்தியதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

"ஏட்டி, மாப்பிள்ளையும் எந்திரிக்கல, பொண்ணும் எந்திரிக்கல."

"அப்ப ஒரே வீட்டுச் சண்டதான். வெளியாளு இல்ல."

"நல்லதுதான். தேடி அலைய வேண்டாம்லா."

என் காது சுட்டது. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, எந்தப் பக்கம் என்றே பார்க்காமல், ஆராதனை முடிகிறவரை குனிந்திருந்தேன்.

என் கணவர் என்னோடு பேசுவதை நிறுத்தி அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. முந்தைய இரண்டு திருவிருந்துகளுக்கும் ஏதோ சாக்கில் நாங்கள் கோயிலுக்கே போகவில்லை. பேச்சில்லை என்றால் வீட்டில் சத்தமில்லை என்று அர்த்தமல்ல. தென்காசியில் எங்கள் வீடு ஒற்றை அறையும் ஓர் அடுக்களையும்தான். அவருடைய அம்மாவும் எங்களோடு இருந்தார்கள். அவர் அம்மாவிடம் பேசுவார், அம்மா என்னிடம் பேசுவார்கள். மூவரும் ஒரே அறையில்தான் இருப்போம்.

"யம்மா, நீலச் சட்டை எங்கன்னு கேளு."

"ஏட்டி, நீலச் சட்டை எங்கன்னு கேக்கான்."

"கொடியில கெடக்கு, அத்தே."

"கொடியில கெடக்காம்லே."

"காஞ்சிட்டான்னு கேளு."

"நான் என்ன தந்தி ஆபீசா நடத்துதேன்? கைய நீட்டித் தொட்டுப் பாருலே. சவத்த, அவ கேட்டா நீ, நீ கேட்டா அவன்னு என் தொண்டத் தண்ணி வத்துது."

காரணம் எனக்குத் தெரிந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். மதராசில் அதற்கென்று படித்துவிட்டு வந்தவள். ரத்தம், சளி, சிறுநீர் எதுவானாலும் வந்தவர்கள் வாசலில் தகர டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். நான் சேர்ந்த பிறகு வந்த ஏற்பாடு அது. அதற்கு முன்னால் யாருக்கு யாரைத் தெரியுமோ அவர் முதலில் உள்ளே வருவார். அச்சன்புதூரிலிருந்து விடியுமுன் கிளம்பி வந்த பயிர்வேலைச் சம்சாரி வெயில் ஏறுகிறவரை வெளியே நிற்பார். நான் மூன்று விதிகள் வைத்தேன்: டோக்கன் இல்லாமல் ஊசி இல்லை, டோக்கனை மாற்றிக்கொள்ளக் கூடாது, கைக்குழந்தையும் மூச்சுத்திணறலும் மட்டும் விலக்கு.

ஒரு நாள் காலையில் என் கணவர் தம் முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்தார். முதலாளி மரக்கடை வைத்திருந்தார், என் கணவர் அங்கே கணக்கும் மேற்பார்வையும் பார்த்துவந்தார். முதலாளிக்கு நாலைந்து நாளாகக் காய்ச்சல். "நம்ம வீட்டுக்காரி அங்கனதான இருக்கா, போன ஒடனே முடிஞ்சிரும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். நான் கையில் ஊசியோடு நிமிர்ந்து பார்த்தேன். "டோக்கன் வாங்கிட்டு வரிசையில வாங்க" என்றேன். மற்றவர்களிடம் சொல்கிற குரலில்தான் சொன்னேன். முதலாளி சிரித்துக்கொண்டே போய் வரிசையில் நின்றார், இவரும் பக்கத்தில் நின்றார். அவர்களுடைய முறை வந்தபோது முதலாளியின் விரலை மரியாதையாகத்தான் குத்தினேன்.

மறுநாள் இரவிலிருந்து பேச்சில்லை.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. முதலாளி புனலூரில் ஒரு கிளை திறப்பதாக இருந்தார். குற்றாலச் சாரல் காலம் முடிந்ததும் அங்கே போய்ப் பொறுப்பேற்கும்படி என் கணவரிடம் சொல்லியிருந்தார். என்னைக் கூட்டிக்கொண்டு போவாரா, தனியாகப் போவாரா என்று அவர் சொல்லவில்லை. யாரிடம் சொல்வார்? தனியாகப் போனால் நான் கீழப்பாவூரில் என் அப்பா வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியைத் தள்ளிவைத்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் இப்படித்தான் செய்வார்கள். என் அம்மா ஒரே ஒரு முறை வந்து பார்த்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "பேச்சில்லாம வண்டி ஏறுதவன் திரும்பி வந்து என்னத்தட்டி பேசப் போறான்? அதுக்குள்ள எதையாவது செய்யி."

எதையாவது செய்ய வேண்டும் என்பது எனக்கும் தெரிந்திருந்தது. எதை என்பதை மற்றவர்கள் முடிவு செய்தார்கள்.

முதலில் டாக்டரம்மா. அவர்கள் மலையாளத்துக்காரர். சீமையில் படித்தவர். சண்டையிட்ட புருஷன் பெண்டாட்டிகளை உட்கார வைத்துப் பேசவிடுவதை அங்கே வைத்தியமாகவே செய்கிறார்களாம், அதையும் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். நான் அவர்களிடம், எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு சங்கடம் என்று, நோயாளியின் விவரம் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னேன். அவர்கள், நான் அன்று சாயமேற்றி மேசைமேல் வைத்திருந்த கண்ணாடித் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்கள்.

"அந்தப் பெண்ணோட கையில இந்த ஸ்லைடு ரெண்டு தடவை சாயம் குடிச்சிருக்கு, கேட்டோ. உன் கதை தன்னே, குட்டி?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர்கள் சிரிக்கவில்லை. முறையைச் சொன்னார்கள். ஒருவர் தம் மனத்தில் உள்ளதைச் சொல்ல வேண்டும். மற்றவர் பதில் சொல்லக் கூடாது, நியாயம் பேசக் கூடாது, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர், "ஆமா, அதுதான்" என்று ஒப்புக்கொள்கிறவரை திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு மற்றவர் முறை. "கிளறி எடுக்கணும். உள்ளே வச்சா சீழ் பிடிக்கும், மனசிலாயோ?" என்றார்கள். என் கணவருக்கும் சொல்லியனுப்பி, தம் அறைக்கு நேரே கூட்டிவரச் செய்து, அவரிடமும் இதையே விளக்கினார்கள். அவர் சரி என்று தலையாட்டினாராம். அன்று அவரை யாரும் டோக்கன் கேட்கவில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

அடுத்தது ஐயர். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். திருவிருந்து ஞாயிறன்று கண்டதை அவர் விட்டுவிடவில்லை. அந்த வாரமே ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"காரணத்தைக் கிளறாதிய. புண்ணைக் கிளறினா ஆறுமா? யாரு சரி, யாரு தப்புங்கது ஆண்டவருக்குத் தெரியும். நீங்க ரெண்டு பேரும் தெனமும் முழங்கால் போடுங்க. ஒருத்தர்கிட்ட ஒருத்தர் மன்னிப்புக் கேளுங்க. முதல்ல மன்னிப்பு, பொறவு பேச்சு" என்றார்.

மூன்றாவது என் மாமியார். அவர்களுக்கு இதில் மனசும் இல்லை, ஆண்டவரும் இல்லை. உடம்புச் சூடுதான். "கல்யாணமாயி ஒரு சாரல்கூட நனையல ரெண்டும். பித்தம் தலைக்கேறி நிக்கி. ஒருத்தனுக்கு வாய அடைச்சிட்டு, ஒருத்திக்கு வாயத் தொறந்துட்டு." குற்றாலத்தில் தமக்குத் தெரிந்த வைத்தியரிடம் போனார்கள். வைத்தியர் ஒரு வாரம் சொன்னார். மிளகு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், தேய்ப்பு, அருவிக் குளியல். கூடவே பத்தியம்: புளி ஆகாது, வறுத்தது பொரித்தது ஆகாது, மாமிசம் ஆகாது, பகல் உறக்கம் ஆகாது, சூடான பேச்சு ஆகாது, கணவன் மனைவி தனித்தனியாகப் படுக்க வேண்டும்.

ஆக, ஒருவர் கிளறு என்றார், ஒருவர் கிளறாமல் மன்னி என்றார், ஒருவர் இரண்டும் வேண்டாம், வாயை மூடிக்கொண்டு குளிர்ச்சியாக இரு என்றார். வேறொருத்தியாக இருந்தால் மூன்றில் ஒன்றைத் தேர்ந்திருப்பாள். எனக்கு அது தோன்றவில்லை. கிருமியைக் கண்டுபிடிக்கக் கண்ணாடித் துண்டில் ஊதாச் சாயம் ஊற்றுவோம், கழுவுவோம். அயோடின் ஊற்றுவோம், கழுவுவோம். கடைசியில் சிவப்புச் சாயம். எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றினால் சேறு. ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் தண்ணீர் விட்டுக் கழுவினால் மறைந்திருந்தது தெரியும். மூன்று வைத்தியத்தையும் அப்படியே அடுக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. காலையில் எண்ணெயும் அருவியும். மத்தியானம் டாக்டரம்மாவின் பேச்சு. சாயங்காலம் ஐயரின் ஜெபம். இப்படி அடுக்கியபோது எனக்கு ஏற்பட்ட திருப்தியை நினைத்தால்தான் இன்றைக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்று மாதமாகப் பேசாத மனிதரை நான் ஒரு கண்ணாடித் துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன்.

முதலாளி லீவு கொடுத்தார். குற்றாலத்தில் அருவிக்குக் கொஞ்ச தூரத்தில் ஓர் அறையும் அடுக்களையும் வாடகைக்கு எடுத்தோம். மாமியாரும் வந்தார்கள். "பத்தியச் சோறு யாரு பொங்குவா? அவ குழாய்ல ஊத்தி ஊத்திப் பாத்துக்கிட்டு இருப்பா." இரவில் எங்கள் இருவருக்கும் நடுவில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்கள். வைத்தியர் சொல்லை நிறைவேற்ற அதைவிட நல்ல வழி இல்லை.

முதல் நாள். காலையில் அவர் ஆண்கள் பக்கம் போனார், நானும் மாமியாரும் பெண்கள் பக்கம். எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட அம்மாள் என் கழுத்தைப் பிடித்து அழுத்திவிட்டு, "என்னம்மா, கம்பி மாதிரி இருக்கு? பள்ளிக்கூடத்து டீச்சரா?" என்று கேட்டாள். அருவிக்குள் நின்றபோது எனக்கு ஒன்றும் யோசிக்க முடியவில்லை. அது ஒன்றுதான் அந்த நாளில் நன்றாக இருந்தது.

மத்தியானம் அறையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். நான் முதலில் சொன்னேன்.

"நீங்க என்கிட்ட பேசாம இருக்கது எனக்கு அவமானமா இருக்கு. கோயில்ல எல்லாரும் பாத்தாவ."

அவர் மோட்டுவளையைப் பார்த்தார். சாட்சிக் கூண்டில் நிற்கிறவர்போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "நான் பேசாம இருக்கது ஒனக்கு அவமானமா இருக்கு. கோயில்ல எல்லாரும் பாத்தாவ."

மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள். அவையும் என்னுடையவை. "ஆமா, அதுதான்" என்று நான் சொல்வதற்குள் அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"பாத்தாவதான? நானும்லா பாத்தேன்! ஒரு பெஞ்சுல அவன், ஒரு பெஞ்சுல இவ. எனக்கு ரெண்டு பக்கமும் மானம் போச்சு."

பிறகு அவர் முறை. அவர் அடுக்களைப் பக்கம் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல."

விதிப்படி நான் திருப்பிச் சொன்னேன். "ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"ஆமா, அதுதான்." அவர் எழுந்துபோய்விட்டார்.

இரண்டாம் நாள் அதுவும் இல்லை. எண்ணெய் தேய்த்து, அருவியில் நின்று, வயிறு நிறையச் சோறு தின்ற மனிதர் மத்தியானம் எதிரில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் சுவரில் சாய்ந்து உறங்கிவிட்டார். மாமியார் கரண்டியோடு ஓடிவந்தார்கள். "ஏலே, பகல்ல ஒறங்கப்படாதுலே, பத்தியம்! ஏட்டி, நீ பேசுனா ஒறக்கம் வருதுன்னா வேற எதையாவது பேசு!"

சாயங்கால ஜெபத்திலும் இப்படித்தான். ஐயர் இருவரை முழங்கால் போடச் சொன்னார், நாங்கள் மூவர் போட்டோம். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு உரக்க ஜெபித்தார்கள். "ஆண்டவரே, என் மகனுக்குப் பேச்சைத் தாரும். படிச்ச பிள்ளைக்குப் பணிவைத் தாரும். அவ மோசமான பிள்ளை இல்ல ஆண்டவரே, ஒமக்குத் தெரியும், ஆனா எல்லாத்தையும் எண்ணிக்கிட்டே இருக்கா." அதற்குப் பிறகு நான் கேட்க வேண்டிய மன்னிப்பு. "நான் செஞ்சது எது தப்போ அதை மன்னிச்சுக்கிடுங்க" என்றேன். அவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். அதிலும் நியாயம் இருந்தது. டோக்கன் விஷயத்தில் நான் தப்புச் செய்ததாக நினைக்கவே இல்லை. இன்றும் நினைக்கவில்லை. உள்ளே ஒன்றும் இல்லாத குப்பியின் மேல் சீட்டு ஒட்டி நீட்டியதுபோல அந்த மன்னிப்பை நீட்டினேன்.

நாள்கள் போயின. அவர் அம்மா வழியாக வேட்டி கேட்டார், சோப்பு கேட்டார். எனக்குப் பயம் வந்துவிட்டது. வாரம் முடிந்து தென்காசிக்குத் திரும்பினால் புனலூருக்குப் பெட்டி கட்ட வேண்டும். ஏற்பாட்டில் எங்கே பிசகு என்று யோசித்தேன். பேச்சு நடக்கும் இடம்தான் பிசகு, அடுக்களைச் சுவருக்குக் காது இருக்கிறது என்று முடிவு செய்தேன். அதனால் மறுநாள் மாமியார் குளித்துவிட்டு உலை வைக்க முன்னால் போனதும், நான் அவரை அருவிக்கு எதிரே உள்ள பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

"இங்கனயே பேசிருவோம். நேத்து நான் சொன்னேன்லா, இன்னைக்கு நீங்க."

பேரருவியில் தண்ணீர் நிறைய விழுந்துகொண்டிருந்தது. சாரல் முகத்தில் அடித்தது. எங்களிடம் ஒரே குடைதான் இருந்தது. அதைத் தள்ளிப் பிடிக்கவும் முடியாமல், ஒட்டி நிற்கவும் பத்தியம் இடம் கொடுக்காமல், ஆளுக்கு ஒரு தோள் நனைய நின்றோம். எங்களைச் சுற்றி எண்ணெய் வழிகிற ஆண்கள் கோமணத்தோடும் துண்டோடும் போய்வந்துகொண்டிருந்தார்கள். நான் கல்லையே பார்த்தேன்.

அவர் சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன். அருவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்த மறுநாளு. மரக்கடையில எல்லாரும் இருந்தாவ. மரம் அறுக்குதவன், வண்டிக்காரன், எல்லாரும். மொதலாளி சத்தமா கேக்காரு, 'என்ன வே, வீட்டுலயும் டோக்கன் வாங்கித்தான் போகணுமா?' அப்படீன்னு. எல்லாவனும் சிரிச்சான். அன்னையிலிருந்து சாயங்காலம் நான் கெளம்புனா ஒருத்தன் கேப்பான், 'டோக்கன் எடுத்தாச்சா அண்ணாச்சி?' மறுநாளு காலையில, 'நேத்து மொற வந்துச்சா?' அந்தச் சிரிப்போட வீட்டுக்கு வாறேன். ஒன் மூஞ்சியப் பாத்தா அந்தச் சிரிப்புதான் காதுல கேக்கு."

நான் இதை அறிந்திருக்கவில்லை. அவருடைய கோபம் ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற கோபம் என்று நினைத்திருந்தேன். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. எங்கள் அறையை, எங்கள் பாயை, ஒரு மரக்கடை முழுக்க நின்று பார்த்துச் சிரித்திருக்கிறது. அந்த அறை வாசலில் நான் டோக்கனோடு உட்கார்ந்திருந்திருக்கிறேன். நானும் தினமும் அந்தக் கடை வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். வண்டிக்காரர்கள் எழுந்து வழிவிடுவார்கள். மரியாதை என்று நினைத்துத் தலையசைத்துவிட்டுப் போவேன்.

அவர் காத்திருந்தார். விதி இருக்கிறதே. நான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"மொதலாளி எல்லார் முன்னாலயும் கேட்டாரு..." என்று ஆரம்பித்து அந்த இடம் வந்ததும் முனகினேன்.

"கேக்கல" என்றார்.

"வீட்டுலயும்..."

"அருவிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

டாக்டரம்மா சொன்னதுபோல ஒரு வார்த்தை குறையாமல் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றிலிருந்து கத்தினேன்.

"வீட்டுலயும் டோக்கன் வாங்கித்தான் போகணுமா!"

கண்ணைத் திறந்தபோது தலையிலிருந்து கால்வரை எண்ணெய் பூசிய நாலைந்து பேர் எங்களுக்கு முன்னால் அப்படியே நின்றிருந்தார்கள். அதில் வயதானவர் ஒருவர், வழுக்கைத் தலையில் எண்ணெய் மினுங்க, என் கணவரைப் பார்த்து மிகவும் அனுதாபமாகச் சொன்னார்:

"வாங்கணும் அண்ணாச்சி, வாங்கணும். சாரல் காலம்லா, கூட்டம் சாஸ்தி!"

அவர்கள் சிரித்த சிரிப்பு அருவிச் சத்தத்துக்கு மேலே கேட்டது. பாலத்தின் அந்தப் பக்கம் துணி பிழிந்துகொண்டிருந்த பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். குடையை முகத்துக்கு நேராக இறக்கிக்கொண்டேன். குடைக்கு அந்தப் பக்கம் என் கணவர் நனைந்துகொண்டு நின்றார். ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நிறுத்த முடியாமல், பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. சிரித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். எனக்கு அழுகைதான் வந்தது. அந்த அழுகையில் பாதி அந்த வழுக்கைத் தலைக்காரர்மேல் வந்த கோபம்.

அவர் சிரித்து ஓய்ந்து குடையைத் தூக்கிப் பார்த்தார். "ஆமா, அதுதான்" என்றார். பிறகு, "பசிக்கி. நேந்திரங்கா வறுவல் வாங்கட்டா?" என்றார்.

என்னிடம்தான் கேட்டார். இடையில் யாரும் இல்லை.

கடை ஓரமாக நின்று தேங்காயெண்ணெய் வாசம் வீசுகிற வறுவலைச் சுடச்சுடத் தின்றோம். "நெசமாவே கேக்கலையா?" என்று கேட்டேன். "நெசமாவே கேக்கல" என்றார். அதை இன்றுவரை நான் முழுசாக நம்பவில்லை. அறைக்குப் போனதும் மாமியார் எங்கள் வாயை மோந்து பார்த்துவிட்டு, பத்தியம் கெட்டது, எண்ணெய்க்குக் கொடுத்ததெல்லாம் ஆற்றோடு போயிற்று என்று புலம்பினார்கள். மகன், "ஏ, நாந்தான் வாங்கிக் குடுத்தேன், அவளை ஏசாத" என்றதும் புலம்பல் பாதியில் நின்றுவிட்டது. அன்று இரவு அவர்கள் தம் பாயை எடுத்துக்கொண்டுபோய் அடுக்களையில் போட்டுக்கொண்டார்கள். பத்தியத்துக்கு இன்னும் நாள் மிச்சமிருந்தது. அதை அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் நினைவுபடுத்தவில்லை.

தென்காசிக்குத் திரும்பியதும் டாக்டரம்மா ஆவலாகக் கேட்டார்கள். இதே சங்கடத்தோடு வேறு ஜோடிகளும் அவர்களிடம் வந்துகொண்டிருந்தார்கள். எந்த வைத்தியம் பலித்தது, எந்த வரிசையில் கொடுத்தாய் என்று தெரிந்துகொள்ள நினைத்தார்கள். நான் படித்த படிப்புக்கு உண்மையான பதிலைச் சொல்லியிருக்க வேண்டும். மூன்றையும் ஒரே வாரத்தில் ஊற்றிவிட்டேன், எது வேலை செய்தது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, கடைசியில் எண்ணெய் பூசிய ஓர் ஆள் வந்தார் என்று. அதைச் சொன்னால் அந்த வார்த்தைகளையும் சொல்ல வேண்டும். "மூணும் சேர்ந்து பலிச்சது, டாக்டர்" என்றேன். அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். பிறகு எத்தனை ஜோடிகளை எண்ணெய் தேய்க்க அனுப்பினார்களோ தெரியாது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த முதல் ஞாயிறு ஐயர் பிரசங்க மேடையிலிருந்து அறிவிப்புகள் வாசித்தார். பிரசவம் நல்லபடி ஆனதற்கு இன்னார் வீட்டார், பரீட்சையில் தேறியதற்கு இன்னார் மகன் என்று ஸ்தோத்திரக் காணிக்கைகள் வரிசையாக வந்தன. அப்புறம், "மகனும் மருமகளும் மூன்று மாதம் பேசாதிருந்து, கர்த்தருடைய கிருபையால் குற்றாலத்தில் சமாதானமானதற்காகத் தாயார் செலுத்தும் காணிக்கை." பெயர் வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையும் இல்லை. கோயிலில் எல்லாத் தலையும் ஒருமுறை பெண்கள் பக்கம் திரும்பி, பிறகு ஆண்கள் பக்கம் திரும்பியது. மாமியார் என் பக்கத்தில் கை கூப்பிக் கண் மூடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகம் அவ்வளவு நிறைவாக இருந்தது. அவர்களிடம் எதைச் சொல்வது?

ஆண்கள் பக்கத்தில் அவர் எழுந்து பீடத்துக்குப் போனார். எங்கள் பெஞ்சு எழுந்தபோது என்னால் எழ முடியவில்லை. பின்னாலிருந்து ஒரு விரல் என் முதுகில் குத்தியது. "எந்திரிட்டி, இன்னும் என்ன? காணிக்கை போட்டாச்சுல்லா." எழுந்தேன். நடந்தேன். முழங்காலிட்டபோது முகத்தை நிமிர்த்தாமல் கையை மட்டும் நீட்டினேன்.

அன்று சாயங்காலம் அவர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "புனலூர்ல மழை சாஸ்தியாம். ஒன்கிட்ட கம்பளி இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இப்படித்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார் என்பது எனக்குத் தெரியவந்தது. ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டேன். எனக்குப் பின்னால் வந்தவரிடம் மூன்று விதிகளையும் சொல்லி, தகர டோக்கன்களை எண்ணி ஒப்படைத்தேன். டாக்டரம்மா புனலூரில் தமக்குத் தெரிந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் தந்தார்கள். மாமியார் தென்காசியிலேயே இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

தென்காசி ஸ்டேஷனில் அன்று கூட்டம். செங்கோட்டைப் பக்கம் போகிறவர்கள், சாரல் முடிந்து திரும்புகிறவர்கள் என்று டிக்கெட் ஜன்னலிலிருந்து வாசல்வரை வரிசை நின்றது. நான் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் போய் வரிசையின் கடைசியில் நின்றார். உள்ளே இருந்த குமாஸ்தா அவரைப் பார்த்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, நீங்க அங்கன எதுக்கு நிக்கிய? பக்கத்துக் கதவு வழியா வாங்க."

அவர் உடனே நகரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களும் அவர் பார்த்த இடத்தைப் பார்த்தார்கள். அவருக்கு முன்னால் ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு, தலையில் மூட்டையோடு நின்றாள். என் விதிப்படி அவள்தான் முதலில் போக வேண்டும். அது எனக்குத் தெரியும். அவர் நான் என்ன சொல்வேன் என்று காத்திருப்பதும் எனக்குத் தெரிந்தது.

நான் குனிந்து பெட்டியின் கயிற்றைச் சரிபார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

நிமிர்ந்தபோது அவர் பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்துகொண்டிருந்தார். கையில் இரண்டு அட்டை டிக்கெட்டுகள். அவற்றை என் உள்ளங்கையில் வைத்து, யாருக்கும் கேட்காத குரலில், "இந்தா, டோக்கன்" என்றார். கண் சிரித்தது.

வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். இடுப்பில் பிள்ளையோடு நின்ற பெண் இன்னும் அதே இடத்தில்தான் நின்றாள். வண்டி வருகிறவரை நான் அவள் பக்கம் திரும்பவில்லை.